அந்தாதியாய் வளர்ந்த குறும்படம்

கருவி கிடையாமையாற் கலை தடைப்பட்டது என்று கூறுவோர் எக்காலத்தும் உளர். சலனப்படத் துறையில் அக்கூற்று நெடுங்காலம் மெய்யாகவே இருந்தது. கதை எழுத விரும்புவோனுக்குத் தாளும் பேனாவும் போதும். கதையைப் படமாக்க விரும்புவோனுக்கோ பெரும்பொருள் வேண்டும். படச்சுருள், அதனைக் கழுவித் தரும் நிலையம், விலையுயர்ந்த கமெரா, அதனை இயக்கத் தெரிந்த ஆட்கள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். ஆகவே, நெஞ்சிலே படம் கண்ட இளைஞர் பலர், அதனை வெள்ளித்திரையிற் காணாமலே தம் காலத்தைக் கழித்தனர்.

அடைத்துக் கிடந்த அக்கதவு 2008ஆம் ஆண்டிலே திறந்தது. அதனைத் திறந்து வைத்தது நிழற்படம் எடுக்கும் கமெரா என்பதே வியப்பு. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் யப்பானிய நிக்கொன் நிறுவனம் டி90 என்னும் கமெராவை அறிவித்தது. வில்லையை மாற்றிப் பூட்டத்தக்க, உள்ளே ஆடி பொருத்திய டிஜிற்றல் நிழற்படக் கமெராக்களுள், சலனப்படமும் பிடிக்கவல்ல முதற் கமெரா அதுவே. அடுத்த மாதத்தில் கனன் நிறுவனம் 5டி மார்க் 2 என்பதனை அறிவித்தது. அதன் விலை, வில்லை நீங்கலாக, 2,699 அமெரிக்க டொலர். எளியவர்க்கு எட்டும் விலை என்று இதனை நாம் கூறமாட்டோம். ஆயினும், சினிமாக் கமெராவின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகையாகும்.

இதிலே சரித்திர விநோதம் ஒன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜேர்மனியைச் சேர்ந்த ஒஸ்கார் பார்னாக் என்பார், சினிமாவுக்கென ஆக்கப்பட்ட 35 மில்லிமீற்றர் படச்சுருளைக் கையடக்கமான நிழற்படக் கமெரா ஒன்றில் இட்டுப் பரிசோதித்தார். 18க்கு 24 மில்லிமீற்றர் அளவினதாய் இருந்த சினிமாச் சட்டத்தை இரட்டித்து, 24க்கு 36 ஆக்கினார். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காக் கமெரா இவ்வாறு பிறந்ததே. 5டி மார்க் 2 இன் உள்ளே ஒளியை ஏற்கும் தகட்டின் அளவும் ஏறக்குறைய அதுதான். அப்பரப்பு பெரிதாகையால், பேசுவோன் முகம் தெளிவாயும் பின்னணி மங்கலாயும் தோன்றும் அந்தச் சினிமாத் தோற்றம் எளிதிற் கைகூடியது. சினிமாவிடம் பெற்ற கடனை நிழற்படக் கமெரா வட்டியோடு திருப்பிக் கொடுத்தது எனலாம்.

அமெரிக்காவிலே பத்திரிகை நிழற்படக்காரராய்ப் புகழ்பெற்றிருந்த வின்சென்ற் லாபோரே, இக்கமெரா சந்தைக்கு வருமுன்னரே ஒன்றை இரவலாகப் பெற்று, ஒரு வார இறுதிக்குள் நியூயோர்க் நகரில் ‘றெவறி’ என்னும் குறும்படத்தை எடுத்து முடித்தார். உலகெங்கும் நிழற்படக்காரர் அதனைக் கண்டனர். தம் கையில் இருப்பது இன்னதென உணர்ந்தனர்.

இத்துணையும் கருவியின் கதை. இனி நாம் சொல்லவந்த போட்டியின் கதைக்கு வருவோம்.

2009ஆம் ஆண்டின் இறுதியில் கனன் நிறுவனமும், விமியோ என்னும் இணையவழிப் படத்தளமும் சேர்ந்து குறும்படப் போட்டியொன்றை அறிவித்தன. நிழற்படத்துக்கு அப்பாலுள்ள கதை என்பது அதன் பெயரின் பொருள். போட்டியின் விதி புதுமையானது. கதையின் முதல் அத்தியாயத்தை லாபோரே படமாக்கினார். அது ஒரு நிழற்படத்தில் வந்து நின்றது. போட்டியில் கலந்துகொள்வோர் அந்த நிழற்படத்தை நோக்கி, அதன்பின் நிகழ்ந்தது யாது என்பதைத் தாமே கற்பித்து இரண்டாம் அத்தியாயத்தைப் படமாக்கவேண்டும். அதுவும் ஒரு நிழற்படத்தில் முடிதல்வேண்டும். வெற்றிபெற்ற படத்தின் இறுதி நிழற்படமே மூன்றாம் அத்தியாயத்துக்கு வித்து. இவ்வாறு 2010ஆம் ஆண்டில் அத்தியாயத்தின்மேல் அத்தியாயமாகக் கதை வளர்ந்தது. ஈற்று அத்தியாயத்தை வென்றவர் யாவரும் லாபோரேயுடன் கூடி உருவாக்குவது என்பது ஏற்பாடு.

தமிழ் கற்றோர்க்கு இம்முறை புதிதாய்த் தோன்றாது. ஒரு செய்யுளின் அந்தம் அடுத்த செய்யுளின் ஆதியாக வருவதை நாம் அந்தாதி என்கின்றோம். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அந்தாதி பாடும் புலவன் தன் முடிவையே தான் எடுத்துத் தொடங்குகின்றான். இப்போட்டியிலோ, முன்பின் அறியாத ஒருவன் விட்ட முடிவை மற்றொருவன் தன் தொடக்கமாக ஏற்றல்வேண்டும். அங்கேதான் இப்போட்டியின் உயிர் இருக்கின்றது.

இவ்விதியினால் இரண்டு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, பிறன் விட்டுச்சென்ற படத்தை ஊன்றிப் படித்தல். அதில் உள்ளவர் யாவர்? கையில் இருப்பது என்ன? ஒளி காலையதோ மாலையதோ? முன்னே நிகழ்ந்ததற்கு முரணாகாமல் மேலே செல்வது எங்ஙனம்? தன் மனத்தில் முன்னரே வைத்திருந்த கதையை அதன்மேல் ஒட்டவைப்பவன் தோற்பான். இரண்டாவது, தனக்குப்பின் வருபவனுக்கு ஏதேனும் விட்டுவைத்தல். எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துவிட்டால் அடுத்தவன் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுமே சொல்லாது விட்டால் அவன் பற்றிக்கொள்ளக் கொடியில்லை. முன்னோனுக்கு விசுவாசமும் பின்னோனுக்கு வள்ளன்மையும் ஒருங்கே வேண்டும். கலையில் மாத்திரமா? குடும்பத்திலும் ஊரிலும் நாம் நடுவிலே வந்து நடுவிலே போகின்றவர்கள்தாமே!

மற்றொரு நன்மையையும் இங்கே குறிப்பிடல் தகும். வகையொத்த கருவி பலர் கையிலும் இருக்கிறது. ஒரே நிழற்படம் எல்லார் கண்முன்னும் இருக்கிறது. அந்நிலையில் ஒருவன் படம் மற்றவன் படத்தின் வேறாவது சிந்தையினால் மாத்திரமே. பணமில்லை என்ற சாட்டு அங்கே பெரும்பாலும் எடுபடாது. எல்லை வகுத்தல் கற்பனையைக் குறுக்காது கூர்மையாக்கும் என்பதைப் பிரான்சில் 2010இல் தொடங்கிய நிக்கொன் குறும்பட விழாவும் காட்டிற்று. அங்கே படம் 140 விநாடிக்கு மேற்படலாகாது என்பது அன்றைய விதி. வெண்பாப் பாடிப் பழகியோர்க்கு இவ்வுண்மையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவதே நேர்மை. கமெரா விற்பவர் நடத்தும் போட்டி கமெரா விற்பதற்கே. பரிசின் ஒளியில் இளைஞர் மயங்கி, கதைக்குச் செலவிடவேண்டிய காலத்தை வில்லைகளை ஆராய்வதிற் செலவிட்டதும் உண்டு. இக்கருவியும் குறையற்றதன்று. தொடர்ந்து ஏறத்தாழ 12 நிமிடத்துக்குமேல் உயர்தெளிவுப் படம் பிடிக்க இயலாது. கமெராவை விரைந்து திருப்பினால் நேரான கம்பங்கள் சாய்ந்து தோன்றும். ஒலியோ மிகவும் மட்டம். அதனை வேறு கருவியிற் பதிந்து பின்னர் இணைத்தவரே பலர். சலனப்படத்தின்போது ஒளியளவைக் கையினாற் கட்டுப்படுத்தும் வசதியும் 2009 யூன் மாதத்திலேதான் வந்தது.

இக்குறைகளோடும் அரிய காரியங்கள் நடந்தன. லீனா டனம் என்னும் இளம்பெண், இவ்வகையைச் சேர்ந்த கனன் 7டி கமெராவில் எடுத்த ‘ரைனி பேர்னிச்சர்’ என்னும் முழுநீளப்படம் 2010இல் அமெரிக்க விழாவொன்றிற் பரிசு பெற்றது. அதே வகைக் கமெராவில் டிறேக் டொறிமஸ் எடுத்த ‘லைக் கிறேசி’, 2011இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர்களின் பெரும்பரிசை வென்றது. கருவியின் குறைகளை அறிந்து, அவற்றுக்கேற்பக் கதையை அமைத்துக்கொண்டோர் வென்றனர்.

இன்று அக்கமெராக்களும் பழையனவாயின. ஆடியில்லாத கமெராக்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. அவற்றினும் மேலாக, சட்டைப்பையிற் கிடக்கும் தொலைபேசியே தெளிவான சலனப்படம் பிடிக்கின்றது. கதவு முன்னிலும் அகலத் திறந்துள்ளது. உள்ளே செல்வோர் தொகையும் பெருகியுள்ளது. ஆயின், நின்று ஒரு படத்தை ஐந்து நிமிடம் நோக்குவோர் தொகை பெருகியதாக நமக்குத் தோன்றவில்லை.

ஆதலால், மாணவ நேயர்களுக்கு நாம் ஒரு பயிற்சியைக் கூற விழைகின்றோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வீட்டிலுள்ள பழைய அல்பத்திலிருந்து நிழற்படம் ஒன்றை எடுங்கள். அப்பாவோ அம்மம்மாவோ அருகில் இருப்பின் இன்னும் நன்று. அப்படத்தின்பின் நிகழ்ந்திருக்கக்கூடியதை ஒருவர் சொல்லட்டும். அவர் எந்தக் காட்சியில் நிறுத்துகின்றாரோ, அக்காட்சியிலிருந்து அடுத்தவர் தொடங்கட்டும். முன்னவர் சொன்னதை மாற்றலாகாது. பின்னவர் வாயை அடைக்கலாகாது. இவ்விரு விதிகளுக்கும் அமைந்து ஒரு மாலைப்பொழுது கதை வளர்த்துப் பாருங்கள். அதன்பின் கமெராவைக் கையில் எடுங்கள்.