காந்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

மின்சாரம் ஓடும் கம்பியருகே திசைகாட்டி முள் திரும்புவதை 1820-இல் டென்மார்க்கின் ஊர்ஸ்டெட் கண்டார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் பிறக்காதா? லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடேவுக்கு விடை கிடைக்க 1831 ஆனது. கம்பிச்சுருளுக்குள் காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் நடக்காது. உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும்தான் சுருளோடு இணைத்த கால்வனாமீட்டரின் (மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) முள் அசையும், அதுவும் எதிரெதிர்த் திசைகளில். அனலோ நீரோ காற்றோ, எந்த மின்நிலையத்தின் ஜெனரேட்டருக்குள்ளும் நடப்பது இதுதான் (சூரியத் தகடு விலக்கு). இவ்வளவு அழகான உண்மையைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஆசிரியர் மேசைமேல் ஒருமுறை செய்துகாட்டினால் போதாது. ஒவ்வொரு மாணவரும் தன் கையால் காந்தத்தை நகர்த்தி அந்த முள்ளை அசைத்துப் பார்க்க வேண்டும்.