வாக்களிப்பது நேர்த்திக்கடனா?

"வேண்டுமென்பவன் எப்படியும் வந்து வாக்களிப்பான், வராதவனுக்காகச் சட்டத்தை வளைப்பானேன்?" என்று நம்மவருள் கற்றோர் பலர் கேட்கின்றனர். முற்கூட்டியே வாக்களிக்கும் வசதியை எல்லோருக்கும் அளிக்கவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் உடனெழுகின்றது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவனுக்கே புண்ணியம் அதிகம் என்பதுபோல, கஷ்டப்பட்டு இட்ட வாக்குக்கே மதிப்பு அதிகம் என இவர்கள் கருதுகின்றனர் போலும். யாத்திரைக்கு அது பொருந்தலாம். குடிமக்களின் சம்மதத்தைக் கேட்டறிவதற்காக நடைபெறும் தேர்தலுக்கு அது எவ்வாறு பொருந்தும்?

இக்குரல் புதியதன்று. 1931 ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் இந்நாட்டில் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன் நம் பெருந்தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனே அவ்வுரிமையை எதிர்த்து நின்றார் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எழுத்தறியாதவனுக்கு வாக்கு எதற்கு என்பதே அன்று பலர் எழுப்பிய வாதம். ஆயினும் எழுத்தறியாதோரும் அடையாளங் காணும்படி அரசாங்க சபைத் தேர்தல்களில் வேட்பாளருக்கொரு நிறம் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் சின்னம் வந்தது. இவையும் வசதிகளே அல்லவா? சின்னத்தைப் பார்த்துப் புள்ளடியிட எந்த நியாயதுரந்தரரும் இன்று வெட்கப்படுவதில்லை.

வசதியின்மை எல்லோரையும் ஒரே அளவில் வாட்டுவதுமில்லை. கோண்டாவிலில் தோட்டஞ் செய்பவர் விடியற்காலை தண்ணீர் இறைத்துவிட்டு, அயலிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்து சென்று, வாக்களித்துவிட்டு வீடு திரும்பலாம். கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் முல்லைத்தீவுப் பெண்ணின் நிலை என்ன? கொழும்புக் கடையொன்றில் பொதி சுமக்கும் ஹற்றன் இளைஞனின் நிலை என்ன? 1981 ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் சட்டம் தொழில்கொள்வோர் ஆகக்குறைந்தது நான்கு மணித்தியாலச் சம்பள லீவு கொடுக்கவேண்டும் என்கிறது. நான்கு மணித்தியாலத்தில் முல்லைத்தீவுக்குப் போய்த் திரும்ப அவளுக்கு இறக்கை முளைக்கவேண்டும். தூரத்துக்கேற்பக் கூடிய நாள்கள் லீவு வழங்கும்படி தேர்தல் ஆணைக்குழு பின்னர் அறிவுறுத்தியது நல்லதே. பேருந்துக் கட்டணத்தை யார் கொடுப்பது?

தபால்மூல வாக்குக் களவாடப்படும் என்று அஞ்சுவோருக்கு ஒரு கேள்வி: அரச ஊழியர் பல தசாப்தங்களாகத் தபால்மூலம் வாக்களித்து வருகின்றனரே, அது மட்டும் எவ்வாறு நம்பத்தக்கதாயிற்று? கச்சேரி இலிகிதருக்கு உள்ள நாணயம் தையற்காரிக்கு இல்லையா? 2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலிலும் தனியார் துறையினருக்கு இவ்வழி திறக்கப்படவில்லை.

இன்னுமொன்று, இதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருப்பினும் சொல்லியே ஆகவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். நாம் பெரும்பாலும் வாய்மூடி இருந்தோம். அவர்களுட் பலர் புத்தளத்தில் வாழ்ந்தபோதும், ஊருரிமையை இழக்க மனமின்றி மன்னாரில் தம் பெயரைப் பதிந்து வைத்திருந்தனர். 2019 நவம்பர் 16 அன்று அவர்கள் வாக்களிக்கச் சென்ற பேருந்துகள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. உயிர்ச்சேதம் ஏற்படாதது தெய்வாதீனம். புத்தளத்திலேயே ஒரு மன்னார்ப் பெட்டி வைக்கப்பட்டிருந்தால் அப்பேருந்துகள் அவ்வழியே போகவேண்டிய அவசியமே இருந்திராது.

அச்சம் முழுவதும் ஆதாரமற்றதென நான் சொல்லவில்லை. வாக்குச்சீட்டை வீட்டுக்கு அனுப்பினால் குடும்பத் தலைவனும், தொழிற்சாலையிற் கொடுத்தால் முதலாளியும் எட்டிப்பார்ப்பர். ஆள்மாறாட்டத்தை நாம் பார்க்காதவர்களுமல்லர். ஆகவே நான் கேட்பது வீட்டுக்கு வரும் சீட்டையன்று. தேர்தலுக்குச் சில நாள் முன்னதாக ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் தேர்தல் அதிகாரியின் மேற்பார்வையில், கட்சி முகவர்களின் முன்னிலையில், மறைவான தட்டியுடன் ஒரு சாவடி திறக்கப்படட்டும். அடையாள அட்டையைக் காட்டி அங்கு வாக்களிக்கட்டும். முத்திரையிட்ட உறை அவரவர் மாவட்டத்துக்குப் போகட்டும்.

சட்டம் திருத்தப்படும்வரை உள்ள உரிமையையாவது பயன்படுத்துவோம். லீவை எழுத்திலே கேட்கவேண்டும் என்பது சட்டம். அது தெரியாமல் வாயாற் கேட்டு ஏமாந்தோர் பலர். தென்னிலங்கையில் பிள்ளைகள் வேலைபார்க்கும் பெற்றோர் தேர்தல் அறிவிக்கப்பட்ட கிழமையிலேயே இதை அவர்களுக்கு எழுதவேண்டும். கடிதம் எழுதத் தெரியாதோருக்கு அதை எழுதிக் கொடுப்பதற்கு எந்த நியாயதுரந்தரரும் கட்டணம் கேட்கமாட்டார் என நம்புகிறேன்.