சயாடிகாவும் சீனத்து ஊசியும்

நாகேஸ்வரராவ் பூங்காவுக்குக் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். அதில் மூன்று பேருக்குச் சயாடிகா வந்து போனது. மூன்று பேருமே அக்குபஞ்சர் பக்கம் போனவர்கள். ஒருவர், ஊசிதான் தன்னை எழுப்பி நடக்க வைத்தது என்று சத்தியம் செய்வார். இரண்டாமவன் நான். எனக்கும் சரியாகிவிட்டது, ஆனால் ஊசியாலா என்பதில் இன்னும் சந்தேகம். மூன்றாமவரை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

என் கதை சின்னது. தண்ணீர் கேன் போடும் பையன் ஒரு நாள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். 20 லிட்டர் கேன், 20 கிலோ. குனிந்து தூக்கி, உடம்பைத் திருப்பி ஸ்டாண்டில் வைத்தேன். மறுநாள் காலையில் இடது புட்டத்திலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ச்சியது போல ஒரு இழுப்பு. தும்மினால் உயிர் போயிற்று.

சயாடிகா என்பது வலிக்கு வைத்த பெயர். முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து உடம்பிலேயே தடிமனான நரம்பாகி, புட்டம் வழியாகக் காலுக்கு இறங்குகின்றன. மேலே வேர் நசுங்கினால் கீழே கெண்டைக்கால் வலிக்கும். இதனால்தான் நாம் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கழிக்கிறோம். எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் காரணம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பாஸ்டன் டாக்டர்கள் 1934இல் எழுதிய பிறகே வைத்திய உலகம் அதைச் சரியாகப் புரிந்துகொண்டது. வலி மட்டும் பழசு. ஆயுர்வேதத்தில் இதற்குக் கிருத்ரசி என்று பெயர், கழுகு மாதிரி நடை வந்துவிடும் என்பதால்.

ஜவ்வு பிதுங்குவது பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள் சமாசாரம். நம் வயதில் அதைவிட அடிக்கடி வருவது, தண்டுவடம் போகிற பாதையே குறுகிப் போவது. இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கபாலி கோயிலைச் சுற்றி மாடவீதிகளில் நடக்கிறீர்கள். வடக்கு மாடவீதி வருவதற்குள் இரண்டு காலும் கனத்து வலிக்கிறது. ஏதாவது கடைப்படியில் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் போய்விடுகிறது. நிமிர்ந்து நடந்தால் திரும்ப வருகிறது. இப்படியென்றால் பாதை குறுகல் என்று சந்தேகப்படலாம். உட்காராமல் சும்மா நின்றாலே வலி போய்விடுகிறது என்றால் கோளாறு காலின் ரத்தக் குழாயில் இருக்கலாம். இரண்டு பாதமும் இரவில் எரிந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாமிக்குச் சயாடிகா என்று பத்து நாள் ஒத்தடம் கொடுத்தார்கள், கடைசியில் கொப்புளம் கிளம்பியது. அக்கி! பேன்ட் பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து உட்காருகிறவர்களுக்கும் நரம்பு நசுங்கும். ஓய்வு பெற்ற பிறகு நம் பர்ஸுக்கு அந்த யோகம் இல்லை.

இத்தனை காரணம் இருக்கும்போது, எது என்று தெரியாமல் ஊசிக்குப் போவதுதான் எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம். ஊசியோடு எனக்குச் சண்டை இல்லை.

அடையாறில் பார்த்த எலும்பு டாக்டர், "ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும் சார். படுத்தே கிடக்காதீர்கள்" என்றார். பிதுங்கிய ஜவ்வைப் பல சமயம் உடம்பே கரைத்துவிடுமாம். எனக்குப் பொறுமை இல்லை. தி.நகரில் ஒரு அக்குபஞ்சர் டாக்டரிடம் போனேன். எம்.பி.பி.எஸ். படித்தவர். புட்டத்தில், முழங்காலுக்குப் பின்னால், வெளிக் கணுக்காலில் என்று மயிரிழை ஊசிகள், அரை மணி நேரம். வலி இல்லை, ஒரு கனம், மரத்துப்போன மாதிரி. பத்து தடவை போனேன். எட்டாவது வாரம் வலி போயிற்று. ஊசியா, எட்டு வாரமா? என் மனைவி ஊசி என்கிறாள்.

ஆராய்ச்சிகளும் இப்படித்தான் இழுபறி. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரிடம் செய்த சோதனை 2007இல் வெளிவந்தது. முறையான ஊசியில் சுமார் 47 சதவீதம் பேருக்குக் குணம். வேண்டுமென்றே தவறான இடத்தில் மேலாகக் குத்தியதில் 44. வழக்கமான வைத்தியத்தில் 27. சிரிப்பதா அழுவதா? பிரிட்டனின் அரசு வழிகாட்டி 2016இல் சயாடிகாவுக்கு ஊசி வேண்டாம் என்றது. 2024இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில், ஜவ்வுச் சயாடிகாக்காரர்களுக்கு நாலு வாரத்தில் பத்து முறை குத்தியதில், பொய் ஊசியைவிட நிஜ ஊசி மேலாக இருந்தது, பலன் ஒரு வருஷம் நின்றது.

என் கருத்து இது. பிதுங்கிய ஜவ்வை ஊசி உள்ளே தள்ளாது. குறுகிய பாதையை அகலமாக்காது. ஆனால் இயற்கை தன் வேலையை முடிக்கும்வரை வலியைத் தாங்க உதவும். நம் வயதில் அது சின்ன உபகாரம் இல்லை. வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். நரம்புக்கென்று தருகிற மாத்திரைகளில் தலை சுற்றி பாத்ரூமில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி உங்கள் கண்முன் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும்.

இந்த வைத்தியம் நம் நாட்டுக்கு வந்ததே டாக்டர்கள் மூலம்தான். 1938இல் சீனா போன ஐந்து இந்திய டாக்டர்களில் கோட்னிஸை சாந்தாராம் படம் எடுத்ததால் எல்லோருக்கும் தெரியும். கூடப் போன பிஜய் குமார் பாசு, 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் ஊசி வைத்தியம் கற்று, கல்கத்தாவில் ஆரம்பித்தார். அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் ஐந்தரை வருஷப் படிப்பில் அக்குபஞ்சரும் ஒரு பாடம். நடுவில் எப்படியோ, சில வாரம் வகுப்புக்குப் போய்விட்டு, விரலால் தொட்டால் போதும், ஸ்கேன் வேண்டாம், மாத்திரையெல்லாம் விஷம் என்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

எங்கள் மூன்றாமவர் அப்படி ஒருவரிடம் மாட்டினார். வலி குறைந்ததாகத்தான் சொன்னார். ஆனால் நடக்கும்போது வலது கால் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை. "கழிவு வெளியேறுகிறது, பொறுங்கள்" என்று பதில் வந்தது. மூன்று மாதம் பொறுத்தார். ஆபரேஷன் செய்த டாக்டர், முதல் வாரமே வந்திருக்கலாமே என்று கேட்டாராம். பாதம் தொங்குவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீர் விஷயத்தை நம் வயதில் எல்லோரும் புராஸ்டேட் தலையில் கட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை.

அவருக்கு வலி அடியோடு போய்விட்டது. பாதம் திரும்பவில்லை. ஷூவுக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு இப்போதும் பூங்காவுக்கு வருகிறார். ஒரு சுற்று நடந்துவிட்டு, நாங்கள் நாலு சுற்று முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.