சிரிப்புக்கு எஜமான் யார்?

நகைச்சுவைச் சஞ்சிகை என்றதும் முகஞ்சுளிக்கும் முற்போக்காளர் சிலர் நம்மிடையே உளர். சினிமாவையும் சித்திரக்கதையையும் விளம்பரத்தையும் நையாண்டி செய்யும் எழுத்து, மக்களைப் போராட்டப் பாதையினின்று திசைதிருப்பும் வெறுங் கேளிக்கை என்பது இவர்தம் வாதம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அமெரிக்காவின் ‘மேட்’ சஞ்சிகையின் வரலாறே இதற்குத் தக்க மறுப்பாகும்.

1952இல் வில்லியம் கெயின்ஸ் வெளியீட்டாளராகவும் ஹார்வி கர்ட்ஸ்மன் ஆசிரியராகவும் இருக்க, ‘மேட்’ ஒரு சித்திரக்கதை ஏடாகத் தோன்றிற்று. மக்கார்த்தியின் வேட்டை நாட்டை அச்சுறுத்திய காலம் அது. இடதுசாரிகளெனச் சந்தேகிக்கப்பட்ட ஆசிரியர்கள் வேலையிழந்தனர். எழுத்தாளர் சிலர் சிறை சென்றனர். அவ்வேளையில், 1953இல், இவ்வேடு சூப்பர்மனைக் காதலியும் மதியாத அற்பனாக வரைந்தது. 1955இல் டிஸ்னியின் இனிய உலகினுள்ளே பொறாமையும் சூழ்ச்சியும் புகுந்த எலியைக் காட்டிற்று. பின்னர் சிகரெட் விளம்பரங்களைப் போலவே பக்கங்களை அமைத்து, அவற்றின் பொய்யை அவற்றின் மொழியாலேயே அம்பலப்படுத்திற்று. ‘உனக்குக் காட்டப்படுவது உன்னிடம் விற்கப்படுவதே’ என்ற பாடத்தைப் பள்ளிச் சிறுவர் அங்கேதான் கற்றனர். இதுவா திசைதிருப்பல்?

அதிகாரமும் பணமும் இச்சிரிப்பை அலட்சியம் செய்யவில்லை. 1954இல் சித்திரக்கதைகளுக்குத் தணிக்கை விதிகள் பிறந்தன. மறு ஆண்டில் சஞ்சிகை வடிவம் பெற்ற ‘மேட்’ அவற்றின் பிடிக்கு வெளியே நின்றது. பிரபல பாடல்களின் மெட்டுக்கு வேறு சொற்களைப் புனைந்தமைக்காக இசை வெளியீட்டாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1964இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நையாண்டியின் பக்கமே நின்றது.

இத்துணிவுக்கு அடித்தளம் யாது? 1957 முதல் 2001 வரை அச்சஞ்சிகை விளம்பரம் வாங்கவில்லை. வாசகன் கொடுத்த காசே அதன் உணவு. 1960களில் அது பெருநிறுவனமொன்றின் உடைமையாயிற்று. அதே நிறுவனம் சூப்பர்மனையும் வாங்கிற்று. ஆயினும் கெயின்ஸ் 1992இல் மறையும் வரை விளம்பரத்துக்கு இடமளிக்கவில்லை. 2001இல் அக்கதவும் திறந்தது. 2019இன் பின் அதன் பக்கங்களைப் பெரும்பாலும் பழைய ஆக்கங்களே நிரப்பின.

‘மேட்’டின் குறையையும் நாம் மறைக்கவில்லை. அநீதி செய்பவனையும் அதை எதிர்ப்பவனையும் அது பலவேளை ஒரே தட்டில் வைத்துச் சிரித்தது. பொய்யைக் காட்டிய அளவுக்குப் பொய்யால் இலாபம் பெறும் அமைப்பை அது காட்டவில்லை. ஆனால், அது நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதன்றோ முற்போக்காளர் கடமை? சிரிப்பை வெறுத்து ஒதுக்குவோர் அவ்வாயுதத்தை வியாபாரியின் கையிலேயே விட்டுவிடுகின்றனர்.

ஆசிரியர்களே, மாணவர் கையிலுள்ள நகைச்சுவை ஏட்டைப் பறிக்காதீர்கள். அது எதைப் பார்த்துச் சிரிக்கிறது, எதைப் பார்த்துச் சிரிக்க அஞ்சுகிறது, யாருடைய பணத்தில் அச்சாகிறது என்று வினவக் கற்பியுங்கள். விளம்பரதாரனின் சோற்றை உண்டுகொண்டு விளம்பரத்தை நையாண்டி செய்ய எவனாலும் நெடுநாள் இயலாது.