வண்ணம் கருவியில் இல்லை!



"அவன் வீட்டில் பெரிய போன் இருக்கிறது. அதில் கலர் கலராகக் கட்டம் விழும் ஆட்டம் விளையாடுகிறான். எங்கள் வீட்டில் பட்டன் போன்தான்!" இப்படி மனம் வாடும் பிள்ளைகள் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் இன்றும் உண்டு. பெரிய போன் இருக்கும் வீட்டிலோ வேறு கதை. பிள்ளை அதைக் கீழே வைக்க மறுக்கிறது. தட்டில் போட்ட சோறு ஆறிப் போகிறது. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆட்டத்தின் கதையைச் சொல்கிறேன்.

1984-ஆம் ஆண்டு. மாஸ்கோ நகரில், அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் வேலை பார்த்து வந்தார். மரத்துண்டுகளை ஒரு பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்கும் புதிர் என்றால் அவருக்கு மிகவும் பிடிக்கும். அதையே கணிப்பொறியில் செய்து பார்த்தால் என்ன என்று நினைத்தார். மேலிருந்து துண்டுகள் விழ வேண்டும். அவற்றைச் சுழற்றி, இடம் பார்த்து உட்கார வைக்க வேண்டும். ஒரு வரிசை முழுவதும் நிரம்பினால் அது மறைந்துவிட வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் டெட்ரிஸ்.

அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 என்ற கணிப்பொறியில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துகளும் குறிகளும் மட்டும்தான் வரும். அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. நாம் கணக்கில் போடுகிறோமே, அந்த அடைப்புக்குறிகளைச் சேர்த்தே கட்டங்களை உருவாக்கினார். பிறகு அந்த ஆட்டத்தை வேறு வகைக் கணிப்பொறிக்கு மாற்றி, வண்ணம் சேர்க்க உதவியவர் யார் தெரியுமா? வாதிம் கெராசிமோவ் என்ற 16 வயதுப் பள்ளி மாணவர்!

1989-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதற்கும் டெட்ரிஸ் வந்து சேர்ந்தது. ஆனால், அந்தக் கருவியில் வண்ணம் இல்லை. பாசி படிந்தது போன்ற பச்சைத் திரையில் வெளிர் நிறம் முதல் கருநிறம் வரை சில சாயல்கள் மட்டும்தான். அடுத்த ஆண்டே செகா நிறுவனம் வண்ணத் திரையோடு 'கேம் கியர்' என்ற கருவியைக் கொண்டு வந்தது. அதற்கு ஆறு பேட்டரி போட வேண்டும். சில மணி நேரத்திலேயே அவை தீர்ந்துவிடும். விலையும் அதிகம். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். கடைசியில் வென்றது வண்ணம் இல்லாத கேம் பாய்தான்! அதற்கான டெட்ரிஸ் மட்டும் சுமார் 3.5 கோடி பிரதிகள் விற்றது. கேம் பாயின் வண்ணப் பதிப்பு 1998-இல்தான் வந்தது.

நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் இதன் மலிவான நகல் வந்து இறங்கியது. 'பிரிக் கேம்' என்பார்கள். உங்கள் அப்பாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள், கண்கள் மின்னும்! பெட்டியின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது சில ஆட்டங்கள்தான். அவற்றின் வேகத்தையும் நிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக்கை காட்டியிருப்பார்கள்.

சரி, கருவியே இல்லாதவர்கள் என்ன செய்வது? உங்கள் கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாள் இருக்கிறதே, அது போதும். நான்கு கட்டங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி எத்தனை வடிவங்கள் செய்யலாம்? நேர்க்கோடு ஒன்று. சதுரம் ஒன்று. 'ட' போல ஒன்று, கண்ணாடியில் தெரியும் 'ட' போல ஒன்று. இப்படியும் அப்படியுமாகப் படிக்கட்டுப் போல இரண்டு. மூன்று கட்ட வரிசையின் நடுவில் மூக்கு வைத்தது போல ஒன்று. ஆக ஏழு. டெட்ரிஸில் விழுவதும் இந்த ஏழு வடிவங்கள்தான். அட்டையில் ஒவ்வொன்றையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

ஏழு துண்டுகளிலும் சேர்த்து 28 கட்டங்கள். அப்படியானால் 4-க்கு 7 கட்டம் உள்ள செவ்வகத்தை இவற்றால் நிரப்பிவிடலாம் அல்லவா? முயன்று பாருங்கள். ஒரு நாள் முழுக்க முயன்றாலும் முடியாது! ஏன்?

இங்கேதான் வண்ணம் வேலை செய்கிறது. செவ்வகத்தைச் சதுரங்கப் பலகை போல ஒன்று விட்டு ஒன்று கறுப்பு தீட்டுங்கள். கறுப்பு 14, வெள்ளை 14 வரும். மூக்கு வைத்த துண்டைத் தவிர மற்ற ஆறும், எங்கே எப்படி வைத்தாலும், இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். மூக்கு வைத்த துண்டு மட்டும் ஒரு நிறத்தில் மூன்றையும் மறு நிறத்தில் ஒன்றையும் மூடும். கூட்டிப் பாருங்கள்: 15-ம் 13-ம் வரும். நமக்கு வேண்டியதோ 14-ம் 14-ம். எனவே முடியவே முடியாது. ஒரு கறுப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு இதை நிரூபித்துவிட்டோம்!

குழந்தைகளே, விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்று போனில் வரும் வண்ண ஆட்டங்கள் பலவற்றில், "உயிர் தீர்ந்துவிட்டது, காத்திரு, இல்லையென்றால் காசு கொடு" என்று ஒரு பொத்தான் வந்து நிற்கும். அதைத் தொடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அது அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம். எப்போது நிறுத்துவது என்பதை ஆடத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கருவி நம் கையில் அடங்க வேண்டும். நாம் அதன் கையில் அடங்கிவிடக் கூடாது.

போன் இல்லாத பிள்ளைகளே, நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இதோ உங்களுக்கு ஒரு வேலை. ஐந்து கட்டங்களை ஒட்டினால், புரட்டிப் போட்டால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே வடிவமாகக் கொண்டு, 12 வடிவங்கள் கிடைக்கும். மொத்தம் 60 கட்டங்கள். அவற்றால் 6-க்கு 10 செவ்வகத்தை நிரப்ப முடியும். அதற்கு 2339 வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்து, திங்கட்கிழமை உங்கள் கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்கள்.