இருமல் மருந்தில் நஞ்சு: சோதனை தவறுவது எங்கே?

புதுதில்லி: மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட "கோல்ட்ரிஃப்" இருமல் மருந்தில் கலந்திருந்த நஞ்சைக் கண்டறியும் சோதனை புதியதல்ல, எல்லா நல்ல மருந்து ஆய்வகங்களும் அறிந்ததுதான். அது எந்தக் கட்டத்தில், எந்த மாதிரியில் செய்யப்படுகிறது என்பதே கேள்வி.

2025 அக்டோபர் 3-ம் தேதி, பரிசோதித்த மாதிரிகளில் நச்சுப்பொருள் இல்லை என மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அன்றிரவே தமிழக அதிகாரிகளின் ஆய்வு முடிவு தில்லிக்கு வந்து சேர்ந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள தொழிற்சாலையில் எடுக்கப்பட்ட கோல்ட்ரிஃப் மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதம்.

இந்த நஞ்சு நுழையும் வழி எளிது. பாராசிட்டமால் தண்ணீரில் போதிய அளவு கரைவதில்லை. அதற்காகப் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் சேர்க்கப்படுகிறது. விலை குறைந்த தொழிற்சாலை வேதிப்பொருளான டைஎத்திலீன் கிளைக்காலும் அதைப் போலவே நிறமற்றது, பிசுபிசுப்பானது, போதாக்குறைக்கு இனிப்பானது. கண்ணோ நாவோ வேறுபாடு காணாது, சிறுநீரகம்தான் காணும்.

மருந்தில் பாராசிட்டமால் சரியான அளவில் உள்ளதா என்று மட்டும் பார்த்தால், நஞ்சு கலந்த புட்டியும் தேர்ச்சி பெற்றுவிடும். கரைப்பானைத் தனியே சோதிக்க வேண்டும். வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளியேறுவதால் நஞ்சு தனித்துத் தெரியும். கருவி விலை அதிகம் என்பது சிறு நிறுவனங்களின் வாதம். ஆனால் சிலிக்கா பூசிய தகட்டில் செய்யப்படும் மெல்லடுக்கு நிறப்பிரிகை மலிவானது. முதற்கட்டச் சலிப்புக்கு அதுவே போதும். பீப்பாயின் லேபிளை நம்பி அதையும் தவிர்ப்பதை எந்தச் செலவுக் கணக்கும் நியாயப்படுத்தாது.

அனுபவம் இல்லாமலும் இல்லை. 1986-ல் மும்பை, 1998-ல் தில்லி வட்டாரம், 2020 தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகர் என இதே நஞ்சு இந்தியாவில் பலமுறை உயிர்களைப் பறித்துள்ளது. 2022-ல் காம்பியாவில் குழந்தைகள் இறந்து, இந்திய மருந்துகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த பிறகு, ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளுக்கு 2023 ஜூன் 1 முதல் அரசு அங்கீகரித்த ஆய்வகச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. உள்நாட்டில் விற்கும் மருந்துக்கு அந்த ஏற்பாடு நீட்டிக்கப்படவில்லை. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஒரு சோதனை, சிந்த்வாராக் குழந்தைக்கு உற்பத்தியாளரின் வாக்குறுதி என்ற நிலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

சிந்த்வாரா மரணங்களுக்குப் பின்னரே, மூலப்பொருளையும் தயாரான மருந்தையும் ஒவ்வொரு தொகுதியிலும் சோதிப்பதை உறுதிசெய்யுமாறு மாநிலங்களுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி கடிதம் எழுதினார். உற்பத்தி உரிமம் தருவதும் தொழிற்சாலையை ஆய்வதும் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. பீப்பாயைத் திறந்து பார்க்க வேண்டிய மருந்து ஆய்வாளர் பணியிடங்கள் பல மாநிலங்களில் காலியாகக் கிடந்த நிலையில்தான் அக்கடிதம் சென்றது.