அர்ச்சகர் பயிற்சியும் அதன் உண்மைச் செலவும்

மலேசிய, சிங்கப்பூர் ஆலயங்கள் பல தமிழகத்திலிருந்தே அர்ச்சகர்களை வரவழைத்து வருகின்றன. ஆகவே, அங்கு அர்ச்சகர் கல்வியில் நிகழும் மாற்றங்கள் இங்குள்ள பக்தர்களும் அறிய வேண்டியவையாகும்.

தகுதியுடைய இந்துக்கள் அனைவரும் அர்ச்சகராகலாம் எனத் தமிழக அரசு 2006ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டில் மதுரை, பழநி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய தலங்களில் சைவப் பள்ளிகளும், திருவரங்கம், திருவல்லிக்கேணி ஆகியவற்றில் வைணவப் பள்ளிகளும் தோன்றின. பயின்றோர்க்குக் கட்டணமில்லை; உணவும் உறைவிடமும் ஊக்கத்தொகையும் அளிக்கப்பட்டன. பல சாதிகளையும் சேர்ந்த இளைஞர் இருநூற்றுவருக்கு மேல் பயிற்சியை நிறைவு செய்தனர்.

எனினும் ஆணையை எதிர்த்து வழக்கு எழுந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2015 டிசம்பரில்தான் வந்தது. நியமனங்கள் ஆகம விதிகளுக்கு உட்பட வேண்டும் என்றும், சிக்கல் எழுமிடத்து ஒவ்வொரு நியமனமும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும் என்றும் அது கூறியது. 2021 ஆகஸ்டு 14 அன்று பயிற்சி பெற்ற 24 பேர் நியமன ஆணை பெற்றனர். அவர்களுள் பிற்படுத்தப்பட்டோர் 12 பேர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 6 பேர், ஆதிதிராவிடர் 5 பேர், பிற வகுப்பினர் ஒருவர்.

கட்டணமில்லாக் கல்விக்கு மாணவர் தந்த விலை இந்தக் காத்திருப்பே. இளமையில் மந்திரம் பயின்றோர் பலர், குடும்பம் காக்க வேறு தொழில்களை நாடினர். 2023இல் மூன்று பெண்களும் திருவரங்கத்தில் பயிற்சியை முடித்தனர். பள்ளியின் வாயிலைத் திறப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. பயின்றவர் கருவறையில் நின்று பூசை செய்யும் நாளிலேயே அச்செலவு பயனுடையதாகும்.